சுட்ட பலகையும் பதனிட்ட தோலும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்துக்கு ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் பாலாறு. மலையிலிருந்து மரமும் கடுக்காயும் இறங்கி வந்தன. ஆற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. மரம், தோல் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்று. உயிர் போன பிறகு விட்டுவைத்தால் அழுகிவிடும். அழுகாமல் இருக்க மனிதன் என்னவெல்லாம் செய்தான், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கேட்பவரைச் சிரிக்க வைக்கும் ஒரு வழியிலிருந்து தொடங்கலாம். மரம் கெடாமல் இருக்க அதை நெருப்பில் சுடுவது!

பையம்பள்ளியில் மிஞ்சியது என்ன?

ஜவ்வாது மலைக்கு மேற்கே, திருப்பத்தூருக்குப் பக்கத்தில் பையம்பள்ளி என்று ஓர் ஊர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் பூமியில் குழி தோண்டி, சுற்றிலும் மரக்கால் நட்டு, மேலே கூரை போட்டு வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. மரக்கால் நட்ட துளைகள் இருந்தன. ஆனால் மரக்கால்கள் இல்லை. கரையானும் ஈரமும் அவற்றை எப்போதோ தின்று முடித்துவிட்டன.

மிஞ்சியது எது தெரியுமா? கரி. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும்கூட அப்படியே கிடைத்தன. அந்தக் கரியைக் கொண்டுதான் இந்த இடம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்கள். கீழடியிலும் இதே கதைதான். அங்கே கிடைத்த கரி மாதிரி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. ஆக, எரியாத மரம் அழிந்துபோகிறது, எரிந்த மரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது.

இதைக் கண்டுகொண்டவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக்கலை நிபுணர் விட்ருவியஸ், இளகிய நிலத்தில் அஸ்திவாரம் போடும்போது சுட்டுக் கருக்கிய மரக்கம்பங்களை இறக்கச் சொல்கிறார். எபேசஸ் நகரில் சதுப்பு நிலத்தில் எழுந்த ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு, அடியில் கரியைக் கொட்டி மிதித்து, அதன்மேல் கம்பளி மயிரோடு கூடிய ஆட்டுத்தோலைப் பரப்பியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கரியும் தோலும் அங்கேயே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன!

ஜப்பானின் கறுப்பு வீடுகள்

வீட்டின் வெளிச்சுவருக்கே சுட்ட பலகையை அடித்தவர்கள் ஜப்பானியர்கள். இதற்கு அங்கே 'யாகிசுகி' என்று பெயர். யாகி என்றால் சுட்ட, சுகி என்பது மரத்தின் பெயர். மேல்நாட்டு விளம்பரங்களில் 'ஷோ சுகி பான்' என்று வருவது, அதே எழுத்துகளைத் தவறாக வாசித்ததால் வந்த பெயர். எடோ காலத்தில் (1603-1868) இந்த வழக்கம் பரவியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மேற்கு ஜப்பானில், முக்கியமாக உப்புக்காற்று வீசும் உள்கடல் ஓரத்து ஊர்களிலும் தீவுகளிலும், தெருத்தெருவாகக் கறுப்புச் சுவர் வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

செய்முறை மிகவும் எளிது. மூன்று நீளப் பலகைகளை முக்கோணக் குழாய்போலச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அடியில் கொஞ்சம் காகிதமோ மரச்சீவலோ வைத்துப் பற்றவைத்து நிமிர்த்தினால், குழாய் புகைபோக்கியாக மாறிவிடும். கீழிருந்து காற்றை இழுத்துக்கொண்டு தீ உள்பக்கமாக உச்சிவரை ஏறும். சில நிமிடங்களில் கட்டை அவிழ்த்து, பலகைகளைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு பக்கம் மட்டும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரியாகியிருக்கும். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி சுவரில் அடித்துவிடுவார்கள். பெயிண்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம்.

நெருப்பில் சுட்ட பலகை எப்படி நீடிக்கிறது? மரத்தில் மூன்று முக்கியப் பொருட்கள் உள்ளன: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். பூஞ்சைக்கும் கரையானுக்கும் முதல் இரண்டும் சாப்பாடு. சுமார் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. 300-ஐத் தாண்டும்போது செல்லுலோஸும் போய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதைத் தின்று செரிக்கக் கரையானால் முடியாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைத்துத்தான் மரத்தை வெளுக்கச் செய்கிறது. மேலே கரி இருந்தால் கதிர் உள்ளே போகாது.

தீயை எதிர்ப்பதும் இப்படித்தான். கரி வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாது. அதனால்தான் கனமான உத்தரம் தீயில்கூட நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் அளவில் மெதுவாகவே எரிகிறது. ஆனால் மெல்லிய பலகைக்கு இந்தப் பாதுகாப்பு அந்த அளவு கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்மூரில் ஏன் இல்லை?

தமிழ்நாட்டுச் சமவெளியில் மரத்தாலான வெளிச்சுவர் என்பதே அபூர்வம். மண், செங்கல், சுண்ணாம்பு மூன்றும் மலிவாகக் கிடைத்தன. மரம் விலை அதிகம், கரையானும் அதிகம். எனவே மரத்தை மண்ணிலிருந்து விலக்கி வைப்பதுதான் இங்கே முக்கிய உத்தி. பழைய வீட்டுத் திண்ணைகளைக் கவனித்தால் தெரியும். மரத்தூண் நேராகத் தரையில் நிற்காது, கல்லின்மேல் நிற்கும். கூரைக்கு வைரம் பாய்ந்த பனையையே தேடிப் போட்டார்கள்.

கரியும் இங்கே தெரியாத பொருள் இல்லை. வேலிக்காலும் பந்தல்காலும் நடும்போது மண்ணுக்குள் போகும் நுனியைத் தீயில் கருக்கியோ தார் பூசியோ நடுவது கிராமத்து வழக்கம். கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரையில், சுண்ணாம்போடு எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள்.

ஆனால் அணைக்கட்டுப் பக்கத்து மக்கள் அழுகலை எதிர்த்துப் போராடியதில் பெயர் வாங்கியது மரத்தில் அல்ல, தோலில்.

ஆவாரம்பட்டையின் காலம்

பச்சைத் தோல் ஓரிரு நாளில் நாறத் தொடங்கும். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் பாக்டீரியாவுக்கு உணவு. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கி, பிறகு மரப்பட்டைச் சாற்றில் போட்டால், பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் கொலாஜனோடு பிணைந்துகொள்கிறது. அதன்பின் பாக்டீரியா அதைத் தொடாது. அப்போதுதான் அது பதனிட்ட தோல். பலகையைச் சுடுவதும் தோலைப் பட்டையில் ஊறவைப்பதும் பார்வைக்கு வேறு வேறு. இரண்டின் கணக்கும் ஒன்றுதான்: எதிரிக்கு அது உணவாக இல்லாமல் செய்துவிடுவது.

தமிழ்நாட்டில் இதற்குப் பயன்பட்டது ஆவாரை. சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கும் அதே செடிதான். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் மெருகேற்றிய தோல் 'ஈ.ஐ.' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைவரை போனது. ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி டேனரிகள் பெருகின. பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது.

பட்டைத் தொழில் முழுக்கச் சுத்தமானது என்று நினைத்துவிடக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் அப்போதும் கழிவுநீரில் போனது. நாற்றமும் இருந்தது. ஆனால் வேலை மெதுவாக நடந்தது. ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆனது. அந்த மெதுவான வேகமே ஒரு வரம்பாகவும் இருந்தது.

ரயிலும் தந்திக்கம்பமும்

1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடுவரை வந்தது. அதாவது இந்தத் தோல் பகுதியின் வாசலுக்கே வந்து நின்றது. ரயில் என்றால் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டைகள் வேண்டும். மண்ணில் கிடக்கும் கட்டையைக் கரையான் விடுமா? எஞ்சினுக்கும் விறகு வேண்டும். அதே 1856-ல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். காடு தீர்ந்துவிடும் என்ற பயம் அப்போதே வந்துவிட்டது.

மரத்தின் ஆயுளை நீட்டுவது இப்போது வீட்டுக்காரரின் கவலையாக மட்டும் இல்லை. அரசாங்கத்தின், கம்பெனிகளின் கவலையாகிவிட்டது. லட்சக்கணக்கான கட்டைகளையும் கம்பங்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருக்க முடியாது. இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தினார்கள். அங்கிருந்து அப்படிப் பதப்படுத்திய கட்டைகள் இந்தியாவுக்குக் கப்பலில் வந்தன.

இதைவிடப் பெரிய மாற்றம் இந்தியாவிலேயே பிறந்தது. பலருக்கும் தெரியாத செய்தி இது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி, 1933-ல் ஒரு புதிய மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் கரையானைக் கொல்லும். ஆனால் இரண்டும் மழையில் கரைந்து போய்விடும். காமேசம் மூன்றாவதாகக் குரோமியத்தைச் சேர்த்தார். மரத்துக்குள் போன குரோமியம் வேதிமாற்றம் அடைந்து, மற்ற இரண்டையும் மரத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 'ஆஸ்கு' என்ற பெயரில் வந்த இந்த மருந்துக்கு 1938-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னாளில் சி.சி.ஏ. என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. மின்கம்பம், வேலி, வீட்டு முற்றம், குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் மேடைவரை லேசான பச்சை நிறத்தில் இந்த மரம்தான் இருந்தது.

அதே குரோமியம், இங்கேயும்

குரோமியம் என்ற பெயர் ஆம்பூர்க்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. தோலைக் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் கலைக் கல்லூரி வளாகத்தில் குரோம் தோல் சோதனையைத் தொடங்கினார். 1948-ல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் செருப்பையும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அதற்கு ஏற்றது குரோம் தோல்தான். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது. டிரம்மிலிருந்து நீல நிறத்தில் வெளிவரும் 'வெட் ப்ளூ' தோல் பாலாற்றங்கரையின் அடையாளமானது. பல ஆயிரம் குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், இதனால் சம்பளம் பார்த்தார்கள். அதையும் மறக்கக் கூடாது.

சிக்கல் எங்கே? வழக்கமான முறையில் தோல் எடுத்துக்கொள்ளும் குரோமியம் சுமார் 60 முதல் 70 சதவீதம்தான். மீதி தண்ணீரோடு வெளியே போகும். பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியத்தைவிட, அதைத் தயாரிக்கும் ஆலைகளில் உருவாகும் ஆறிணைதிறன் குரோமியம் பல மடங்கு கொடியது, புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு குவிந்து கிடந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிகவும் மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து வரும் பாலாறு, அணைக்கட்டு வட்டத்தின் பள்ளிகொண்டாவைத் தொட்டுத்தான் வேலூர் போகிறது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. மணலுக்கு அடியில் ஓடும் நீரையும் கிணற்றையும் நம்பித்தான் விவசாயம். அந்த நீர் உப்பாகிவிட்டால் நெல்லும் தென்னையும் என்ன செய்யும்?

பில்லைக் கட்டியது யார்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு முடிவைத் தீர்ப்பு குறிப்பிட்டது. 'மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்', 'ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்கப் படிக்கும் வழக்கு இது. பெயரில் வேலூர் இருக்கிறது!

ஆனாலும் கதை முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ல் பாலாறு மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பை எழுத வேண்டியிருந்தது.

மரத்தின் கதையும் இதற்கு இணையாகவே போனது. சி.சி.ஏ. மரத்திலிருந்து ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு இறங்குவதும், தொடும் குழந்தைகளின் கையில் ஒட்டுவதும் தெரிய வந்தது. 2003-ம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004-ல் கட்டுப்படுத்தியது. பழைய சி.சி.ஏ. பலகையை அடுப்பில்கூடப் போட முடியாது. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

காமேசத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரம் நீடித்தால் காடு பிழைக்கும் என்ற காலத்தின் தேவைக்கு அவர் விடை கண்டார். அந்த மரம் பயன் முடிந்தபின் எங்கே போகும் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. தோலில் நடந்ததும் அதுவே.

மறுபடியும் நெருப்பு

இந்த நேரத்தில்தான் சுட்ட பலகைக்கு மறுவாழ்வு வந்தது. ஜப்பானியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் டெருனோபு ஃபுஜிமோரி, 2007-ல் நாகானோவில் 'யாகிசுகி இல்லம்' கட்டினார். சுமார் 8 மீட்டர் நீளப் பலகைகளைச் சுட்டு அடித்தார். அதற்கு முன்பே 1999-ல் நவோஷிமா தீவில் புகழ்பெற்ற தடாவோ ஆண்டோ ஒரு கட்டடத்தைச் சுட்ட பலகையால் மூடியிருந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரசாயனம் இல்லாத வெளிச்சுவர் என்ற பெயரில் இது ஃபேஷனாகிவிட்டது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் வேலிக்கால்களின் நுனியைக் கருக்கி மண்ணில் நட்டுப் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. காரணம், மரம் காயும்போது கரியில் வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பு வழியாக ஈரமும் பூஞ்சையும் உள்ளே போய்விடுகின்றன. ஜப்பானியச் சுவரில் அது வேலை செய்வதற்குக் காரணம் கரி மட்டும் இல்லை. பலகை மண்ணைத் தொடுவதில்லை, மேலே கூரை நன்றாக இறங்கியிருக்கிறது, நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடுகிறது. கேஸ் டார்ச்சால் லேசாகக் கறுக்கவைத்த பலகை வெறும் அலங்காரம்தான்.

திண்ணைத் தூணைக் கல்லின்மேல் நிறுத்திய நம்மூர்த் தச்சரும் இதையே வேறு வழியில் செய்திருக்கிறார். மருந்துக்கு முன்னால் கட்டும் முறை.

நெருப்பு, பட்டை, உலோகம் என்று மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். சுட்ட பலகையில் வெடிப்பு விழுந்தால் நஷ்டம் அந்த வீட்டுக்காரருக்கு. அவர் ஒரு பலகையை மாற்றிக்கொள்வார், பழையது மண்ணோடு போகும். குரோமியத்தின் நஷ்டமோ செருப்பு போட்டவருக்கும் இல்லை, செருப்பு விற்றவருக்கும் இல்லை. பல மைல் தள்ளிக் கிணறு வெட்டியவருக்குப் போய்ச் சேர்ந்தது. 1996 தீர்ப்பு சரிசெய்ய முயன்றது இந்தக் கணக்கைத்தான்.

குரோமியம் இல்லாமல் பதனிடுவது, குரோமியத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவது என்று அடையாறு ஆராய்ச்சி நிறுவனம் பல வழிகளை உருவாக்கியிருக்கிறது. மேல்நாட்டில் பட்டைத் தோலுக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. தொழிலை மூடச் சொல்வது தீர்வல்ல, அதை நம்பிப் பல ஆயிரம் அடுப்புகள் எரிகின்றன. எந்தப் பொருளை நீடிக்கச் செய்தாலும், அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதோடு, அதன் கழிவு யார் கிணற்றுக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பள்ளிகொண்டாவில் பாலாற்று மணலைத் தோண்டி ஊறும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்க ஆள் தயங்காத நாள் வந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.